சரளமாக வாசிக்கும் பிள்ளைகளை நிலையான வாசகர்களாக வளர்ப்பது குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பத்து வயதை ஒட்டிய பிள்ளைகள் சிலருக்கு வாசிப்பில் துணை நிற்கிறேன். எழுத்துக் கூட்டும் கட்டத்தைக் கடந்து சரளமாகவே வாசிக்கும் இவர்கள், ஒரு பத்தியை முடித்ததும் அதில் என்ன சொல்லப்பட்டது என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். கட்டாயம் இல்லாத நேரத்தில் புத்தகத்தைத் தொடுவதும் இல்லை.

வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது, எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனையும் மொழியறிவையும் பெருக்கிக் கிடைப்பது என்றும், இரண்டில் ஒன்று பூச்சியமானால் மற்றது எவ்வளவு வலுவாக இருந்தாலும் பயனில்லை என்றும் கஃப், டன்மர் ஆகிய ஆய்வாளர்கள் 1986இல் முன்வைத்த கருத்து இவர்களுக்குப் பொருந்துவதாகவே தோன்றுகிறது. அதே ஆண்டில் வாசிப்பு ஆய்வாளர் கீத் ஸ்டானோவிச் சுட்டிக்காட்டிய சுழற்சி இன்னும் கவலை தருகிறது. நன்றாக வாசிப்பவர் மேலும் வாசித்துச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ள, தடுமாறுபவரோ வாசிப்பைத் தவிர்த்து மேலும் பின்தங்கிவிடுகிறார். (பக்கக் கணக்குக்குப் பரிசு தரும் முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை, பரிசு நின்றால் வாசிப்பும் நின்றுவிடும் என்றே அஞ்சுகிறேன்.)

இந்த வயதிலும் பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டுவதைத் தொடர்ந்தவர்கள் இங்கே உண்டா? பின்னணி அறிவை வளர்ப்பதற்காக ஒரே பொருள் குறித்த பல நூல்களை அடுத்தடுத்துக் கொடுத்துப் பார்த்தவர்களும், நூல் தேர்வைப் பிள்ளைகளிடமே விட்டவர்களும், பலிக்காதவற்றையும் சேர்த்துத் தங்கள் அனுபவத்தை எழுதினால் நன்றியுடன் ஏற்பேன்.