கடினப்படுத்திய எஃகில் லேசர் நுண்குழிகள்: உராய்வு குறையாமல் கூடுவது ஏன்?

வளையம்60 (கேள்வி)

பேரிங் எஃகில் செய்த தட்டையான த்ரஸ்ட் வளையம் (அச்சுத் திசைச் சுமையைத் தாங்குவது), கடினம் 60 எச்ஆர்சி (ராக்வெல் அளவுகோல்). எதிரில் வெண்கல வளையம், ஐஎஸ்ஓ விஜி 46 (பாகுத்தன்மைத் தரம்) எண்ணெய். உராய்வைக் குறைக்கத்தான் குழி. நானோவினாடி ஃபைபர் லேசரில் (1064 நானோமீட்டர்) முகம் முழுக்கக் குழி அடித்திருக்கிறது: விட்டம் 100 மைக்ரான், ஆழம் 20, மையத்துக்கு மையம் 160. குழிக்கு 12 பல்ஸ், ஒரே மூச்சில். ஆல்கஹாலில் கழுவி அப்படியே மாட்டினால், குழி இல்லாத வளையத்தைவிட உராய்வு கூடுகிறது, வெண்கலத்தில் வட்டக் கீறல்களும் விழுகின்றன. ஆழம், அடர்த்தி, லேசர் இவற்றில் எதை மாற்றுவது?

லேப்பிங்தட்டு

முதலில் விளிம்பைப் பாருங்கள். நானோவினாடி பல்ஸில் உலோகம் உருகி வெளியே தள்ளப்பட்டு, குழியைச் சுற்றிப் பிசிறாக உறைகிறது. சில மைக்ரான் உயரம் சாதாரணமாக வரும். எண்ணெய்ப் படலமே அவ்வளவு தடிமன்தான், அதனால் பிசிறு படலத்தைக் கிழித்து வெண்கலத்தைத் தொட்டுவிடுகிறது. போதாததற்கு, உருகி உடனே குளிர்ந்த அந்த எஃகு டெம்பர் ஆகாத (மீண்டும் சூடாக்கி இளக்காத) மார்ட்டென்சைட், அதாவது மிகக் கடினமான எஃகு நிலை. கீறாமல் என்ன செய்யும்?

அடித்த பின் லேப்பிங் (தட்டில் பேஸ்ட் தடவி முகத்தைத் தேய்த்துச் சமமாக்குவது) கட்டாயம். வார்ப்பிரும்புத் தட்டில் 3 மைக்ரான் வைரப் பேஸ்ட், லேசான அழுத்தம், பிறகு 1 மைக்ரான். மெத்தென்ற துணியில் தேய்க்காதீர்கள், குழியின் ஓரம் உருண்டுவிடும். லேப்பிங்கில் போகும் மைக்ரான்களைக் கணக்கில் வைத்து, அந்த அளவு கூடுதல் ஆழம் முதலிலேயே அடியுங்கள். கடைசியில் அல்ட்ராசானிக் தொட்டியில் 10 நிமிடம், இல்லாவிட்டால் குழிக்குள் தங்கிய வைரத்தூள் வெண்கலத்தில் பதிந்துகொள்ளும்.

12 பல்ஸையும் ஒரே இடத்தில் அடிப்பதும் பிசிறை வளர்க்கிறது. எல்லாக் குழிகளுக்கும் இரண்டிரண்டு பல்ஸ் அடித்து ஒரு சுற்று முடியுங்கள், இப்படி ஆறு சுற்று. இடையில் சூடு இறங்கிவிடும். ஸ்கேனர் ஒவ்வொரு சுற்றிலும் அதே புள்ளிக்குத் திரும்புகிறதா என்று மட்டும் சோதியுங்கள், தவறினால் குழி நீள்வட்டமாகும்.

மசகுப்படலம்

மேலே சொன்னது சரி. ஆனால் வடிவக் கணக்கும் உதைக்கிறது. 100 மைக்ரான் குழியின் பரப்பு 7854 சதுர மைக்ரான். 160 இடைவெளியில் அடர்த்தி 31 சதவீதம், சுமை தாங்கும் தளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 230 மைக்ரானுக்கு மாற்றினால் சுமார் 15 சதவீதம் வரும். ஆழம் லேப்பிங் முடிந்த நிலையில் 5 முதல் 10 மைக்ரான் போதும். ஆழமான குழி எண்ணெயைத் தேக்கி வைக்கும், படலத்தைத் தூக்கும் அழுத்தம் அதில் பெரிதாக உருவாகாது.

முகம் முழுக்க அடிப்பதும் அவசியமில்லை. வளையத்தில் எண்ணெய்ப் பள்ளங்கள் இருந்தால், பள்ளங்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பட்டையிலும் எண்ணெய் நுழையும் பக்கம் பாதியளவு மட்டும் குழியிட்டு, மீதியை வழவழப்பாக விடுங்கள். படி வைத்த பேரிங்போல வேலை செய்யும். அந்த வகைக்கு மட்டும் அடர்த்தி கூடுதலாக இருக்கலாம்.

ஒப்பிடும்போது குழியில்லாத வளையத்தையும் அதே பேஸ்ட்டில் லேப் செய்திருக்க வேண்டும், எண்ணெய் வெப்பநிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். விஜி 46 எண்ணெய் 40 டிகிரியில் 46 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மை அலகு), 100 டிகிரியில் 7-ஐ ஒட்டி இறங்கிவிடும். சுமையை மாற்றாமல் வேகத்தை ஏற்றி இறக்கி உராய்வைக் குறியுங்கள். குழியின் பலன் கலப்பு மசகு நிலையில்தான் (சுமையில் ஒரு பங்கைப் படலமும் மீதியை உலோகத் தொடுகையும் தாங்கும்போது) தெளிவாகத் தெரியும். படலம் முழுதாக எழும்பிய வேகத்தில் வித்தியாசம் சொற்பம்.

கார்பைடுமுனை

இதே அமைப்பை டங்ஸ்டன் கார்பைடில் முயல்பவர்களுக்கு: அதில் கார்பைடு துகள்களைப் பிணைக்கும் கோபால்ட் 1495 டிகிரியில் உருகும், கார்பைடு தாங்குவது அதைவிட வெகு அதிகம். நானோவினாடி லேசரில் கோபால்ட் முதலில் போய், பிடிப்பற்ற கார்பைடு துகள்கள் பின்னர் உதிர்ந்து இரண்டு முகங்களையும் அரைக்கும். குழிச்சுவரில் நுண்விரிசலும் வரும். பல்ஸ் இன்னும் மிகக் குறுகிய பிக்கோவினாடி லேசர் அங்கே செலவுக்குத் தகுந்தது, ஆனால் வினாடிக்கு அடிக்கும் பல்ஸ் எண்ணிக்கையை அதிகம் ஏற்றினால் அதிலும் சூடு சேரும். கோபால்ட் புகை நுரையீரலுக்குக் கேடு, ஹெப்பா (நுண்துகள்) வடிகட்டியுள்ள உறிஞ்சி இல்லாமல் அடிக்கவே கூடாது.

வளையம்60

பட்டைகள் ஆறு, பள்ளங்கள் உண்டு. டிஎல்சி (வைரம் போன்ற கார்பன்) பூச்சும் திட்டத்தில் இருக்கிறது. குழி முன்பா, பூச்சு முன்பா?

லேப்பிங்தட்டு

குழி, லேப்பிங், கழுவல், அதன்பிறகு பூச்சு. பூச்சின்மேல் லேசர் அடித்தால் குழியோரத்தில் அது கிராஃபைட்டாகி உரியத் தொடங்கும்.