கறிவேப்பிலைப் புழுவும் லிவர்பூல் டொக்டரும்

வணக்கம் உறவுகளே,

சித்திரை லீவில் ஹட்டனில் இரத்ததான முகாம் வைப்போமா என்று பேச்சு ஓடுகிறது. தாராளமாக வைக்கலாம், என் பங்கும் உண்டு. அதோடு நெகட்டிவ் இரத்த வகைத் தாய்மாருக்கான ஓர் ஊசியைப் பற்றியும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லத்தான் இந்த மடல். விஷயம் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பைத்தியத்திலிருந்து தொடங்குகிறது.

சிரில் கிளார்க், 1907இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் பிறந்தவர். போர்க்காலத்தில் கடற்படை டொக்டர், அப்புறம் லிவர்பூலில் பொது வைத்திய நிபுணர். ஓய்வு நேரமெல்லாம் பூச்சி வளர்ப்புதான். இறக்கையில் வால் வைத்த இனங்களை, ஆணை ஒரு கையிலும் பெண்ணை மறு கையிலும் பிடித்து இணை சேர்த்துக் கலப்பினம் எடுப்பார். அவர் ஆராய்ந்த இனங்களில் ஒன்று நம் ஊரிலும் உண்டு. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பச்சையாக ஒட்டியிருக்குமே, தொட்டால் தலைக்கு மேல் சிவப்பாக இரட்டைக் கொம்பை நீட்டி நாறுமே, அந்தப் புழுதான். அதன் பெண் பூச்சிகளில் சில, குருவி தின்னாத நச்சுப் பூச்சியைப் போலவே கறுப்பும் வெள்ளையும் சிவப்புமாக வேஷம் கட்டிக்கொண்டு பறக்கும்.

இந்த வேஷம் பரம்பரையில் எப்படி வருகிறது என்பதுதான் கிளார்க்கின் கேள்வி. பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கிடக்கும் சில மரபணுக்கள் பிரியாமல் ஒரே கட்டாகப் பிள்ளைக்குப் போகின்றன என்று அவரும் பிலிப் ஷெப்பர்டும் கண்டார்கள். மனித இரத்தத்தில் ஆர்எச் வகையும் (இரத்த வகையோடு பொசிட்டிவ், நெகட்டிவ் என்று சேர்த்துச் சொல்வோமே, அது) அதே மாதிரி வருவதாக அப்போது கருதப்பட்டது. அப்படித்தான் பூச்சியிலிருந்து இரத்தத்துக்குத் தாவினார்.

அங்கே கிடந்த சிக்கல் பெரிது. தாய் ஆர்எச் நெகட்டிவ், பிள்ளை பொசிட்டிவ் என்றால், பிரசவத்தில் பிள்ளையின் இரத்தம் கொஞ்சம் தாயின் இரத்தத்தில் கலந்துவிடும். தாயின் உடம்பு அதற்கு எதிராகப் பிறபொருளெதிரியை, அதாவது அந்நிய அணுக்களைத் தாக்கும் பொருளை, செய்துவைத்துக்கொள்ளும். தலைப்பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பிள்ளையைத்தான் அது தாக்கும். வயிற்றிலேயே இறக்கலாம், அல்லது பிறந்ததும் மஞ்சள் பூத்து மூளை கெடலாம். தோட்டத்து லயத்தில் முதல் பிள்ளை தங்கி மற்றதெல்லாம் தங்காத வீடுகளைப் பற்றி நம் பாட்டிமார் என்னென்ன சொன்னார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் ஆர்எச் காரணமில்லை, வறுமையும் இரத்தசோகையும் போதும். ஆனால் சிலவற்றுக்காவது இதுதான் காரணமாக இருந்திருக்கும். நம் பக்கத்து ஆட்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேர் நெகட்டிவ்.

தீர்வு விசித்திரமானது. தாய் எந்தப் பிறபொருளெதிரியைச் செய்யக்கூடாதோ, அதையே அவளுக்கு ஊசியாகப் போடுவது. தாயின் இரத்தத்தில் கலந்த பிள்ளையின் அணுக்களைத் தாயின் உடம்பு அடையாளம் காணும் முன்பே அது துடைத்துவிடும். இந்த யோசனையைச் சொல்ல மனைவி நடுராத்திரியில் கிளார்க்கை எழுப்பினார் என்று ஒரு கதை உண்டு. அவரோ, நாம் தடுக்கப் பார்ப்பதே அதைத்தானே என்று எரிந்து விழுந்தாராம். அவரிடம் வேலை செய்த ரொனால்ட் ஃபின் 1960இல் இதே யோசனையைக் கூட்டத்தில் பேசியிருக்கிறார். நியூயோர்க்கிலும் மூவர் தனியாக இதே வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். பெயர் யாருக்கு என்ற வழக்கு எனக்கு முக்கியமில்லை. எனக்குப் பிடித்தது, முதல் சோதனை தோற்றும் லிவர்பூல்காரர்கள் விடாததுதான். முதலில் போட்ட வகை பிறபொருளெதிரி பலன் தரவில்லை, நிலைமையைக் கெடுத்தது. வேறு வகைக்கு மாற்றிய பிறகே பலித்தது. 1968இல் அமெரிக்காவில் ஆன்டி டி என்ற பெயரில் அறியப்படும் இந்த ஊசி பாவனைக்கு வந்தது. 1980இல் கிளார்க், ஃபின், நியூயோர்க் மூவர் என ஐவருக்கும் சேர்த்து லாஸ்கர் விருது, அமெரிக்காவின் பெரிய மருத்துவ விருது.

அந்த ஊசி மருந்து வருவதும் இரத்தக் கொடையாளிகளின் பிளாஸ்மாவிலிருந்துதான், அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்துதான்.

இப்போது கிளினிக் கார்டில் இரத்த வகை எழுதிவிடுகிறார்கள், பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்தால் கவனிப்பும் இருக்கிறது. ஓட்டை வேறு இடத்தில். கரு கலைந்தாலும் இரத்தம் கலக்கலாம். நம் பெண்கள் அதை லயத்துக் காம்பராவுக்குள்ளேயே மறைத்து, மூன்றாம் நாள் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். ஊசியோ 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டியது.

அதனால் முகாம் துண்டுப்பிரசுரத்தில் இரண்டு வரி ஒதுக்குங்கள்: நெகட்டிவ் என்றால் கரு கலைந்தாலும் மருத்துவமாதுவிடம் அன்றைக்கே சொல்லுங்கள் என்று, பெரிய எழுத்தில். செயலாளர் அண்ணன் சரி என்றால் நானே எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
பணியக்கணக்குத் தம்பி