காவடி வேட்டி நூலுக்கு மஞ்சள் கிழங்கா, பலா வைரமா?

தறிமேடை_யாங்கோன்:
தைப்பூசத்துக்குள் கைத்தறியில் 30 வேட்டி நெய்ய வேண்டும். துணியாக அல்ல, நூலிலேயே இயற்கைச் சாயம் ஏற்ற விருப்பம். மஞ்சள் கிழங்கு நல்லதா, பலா வைரமா (பலாவின் நடுமரம்)? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பலாக்கட்டை:
மஞ்சள் கிழங்கு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள குர்குமின் வெயிலில் சிதைந்துவிடும். படிகாரம் சேர்த்தாலும் வெயிலைத் தாங்காது. காரச் சோப்புப் பட்டால் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமம் ஆவது இதே குணத்தால்தான். இந்தப் பர்மாவில் பிக்குகளின் துவராடைக்குப் பலா வைரத்தைக் காய்ச்சிய சாறு பழைய வழக்கம். அது நிற்கும்.

மஞ்சக்கிழங்கு:
பிக்கு ஆடையும் விரத வேட்டியும் ஒன்றா, அண்ணே? காவடிக்கு மஞ்சளில் நனைத்ததுதான் மங்கலம். மங்கினால் அடுத்த ஆண்டு மறுபடி முக்கினால் போயிற்று. சோப்பில் சிவந்ததை உடனே எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் அலசினால் மஞ்சள் திரும்பும். பலாவுக்கு மரப்பட்டறை வாசலில் சிராய்க்குக் காத்து நிற்க வேண்டும்.

பலாக்கட்டை:
துணியை முக்குவதானால் உங்களோடு எனக்கு வழக்கில்லை, தம்பி. கேள்வி நூலைப் பற்றியது. பாவு, அதாவது நீளவாக்கு நூல், தறியில் ஏறியபின் வேலை நான்கைந்து நாள் நின்றால், உருளைக்கும் அச்சுக்கும் நடுவே நீண்டிருக்கும் நூல் மட்டும் வெளிச்சத்தில் வெளுக்கும். நெய்தபின் வேட்டியின் குறுக்கே வெளிர்ப்பட்டை விழும். அதை எந்தத் தோய்ப்பும் சரியாக மறைக்காது.

நம் பர்மா எடைக் கணக்கு எளிது: 1 விஸ் நூல் என்றால் 100 டிக்கல், சுமார் 1.6 கிலோ. அதனால் விழுக்காடு அப்படியே டிக்கலாகிவிடும். சலவைச் சோடா 2 டிக்கல் போட்டு 1 மணி நேரம் கொதிக்கவைத்து அலசுங்கள். நூலில் எண்ணெய்ப் பசையோ மெழுகோ இருந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பிறகு 15 டிக்கல் கடுக்காய்த் தூளில் ஓர் இரவு. பருத்தி படிகாரத்தைத் தானாகப் பற்றாது, கடுக்காயின் துவர்ப்புதான் பிடிமானம். அலசாமல் பிழிந்து, 15 டிக்கல் படிகாரக் கரைசலில் இன்னோர் இரவு. 2 டிக்கல் சோடாவைத் தனியே கரைத்து, படிகாரத்தில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள், நுரைத்துப் பொங்கும்.

பலா வைரச் சிராய் 100 டிக்கல், முதல் இரவே ஊறட்டும். வெளிமரம் கலந்தால் நிறம் வராது, மஞ்சளான நடுமரம் மட்டும். 1 மணி நேரம் காய்ச்சி வடிகட்டி, நூலை 70 டிகிரிச் சூட்டில் 1 மணி நேரம் புரட்டிக்கொண்டே இருங்கள். சிட்டத்தை (நூல் கற்றையை) எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் கட்டிய இடம் வெள்ளையாக நிற்கும்.

மஞ்சக்கிழங்கு:
பாவு வெளுப்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் வெள்ளையாக நெய்து, பிறகு மஞ்சளில் முக்கட்டும். ஓர் இரவுக்குமேல் ஆகாது, உங்கள் முறைக்கு மூன்று நாள்.

பலாக்கட்டை:
கரை? சிவப்புக் கரையும் சேர்ந்து மஞ்சளாகுமே!

மஞ்சக்கிழங்கு:
அரக்குச் சிவப்பின்மேல் மஞ்சள் ஏறினால் செம்மஞ்சள். அது கெட்டதென்று யார் சொன்னது?

தண்ணீர்த்தொட்டி:
இருவரும் தண்ணீரை மறந்தீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருந்தால் கடுக்காய் போட்ட நூல் சாம்பலாகும், அதன்மேல் பலாவும் பாசிநிறமாகத்தான் ஏறும். ஒரு கோப்பை நீரில் கொஞ்சம் கடுக்காய்த் தூளைக் கலக்கிப் பாருங்கள். கறுத்தால் அந்த நீர் ஆகாது. தைப்பூச நேரத்தில் மழைநீருக்கும் வழியில்லை. நீரை உயரத்திலிருந்து பலமுறை ஊற்றிக் காற்றாடவிட்டு ஓர் இரவு வைத்தால் துரு அடியில் படியும், மேல்நீரை எடுங்கள். இரும்பு வாளி, இரும்புச் சட்டி எதுவும் வேண்டாம், எவர்சில்வர் பாத்திரம் போதும்.

தறிமேடை_யாங்கோன்:
கோப்பையில் கறுத்துவிட்டது. இன்றிரவே தொட்டியில் நீர் பிடித்து வைக்கிறேன். 30 வேட்டிக்கும் பாவும் ஊடையும் பலாதான்.

மஞ்சக்கிழங்கு:
நல்லது. பூசைக்குப் போகும் முன் வேட்டியின் ஒரு மூலையிலாவது மஞ்சள் தடவுங்கள், அக்கா.