கஸ்டம் அக்கூஸ்டிக் கிட்டார் சொல்லி செஞ்சவங்க வாங்க: எந்த மரம் எடுத்தீங்க, ஏன் எடுத்தீங்க?

பெரம்பூர்_ஸ்ட்ரம்மர்

கஸ்டம் கிட்டார் பண்ணலாம்னு இருக்கேன் எந்த மரம் நல்லதுன்னு மாசாமாசம் யாராவது கேக்கறாங்க, ஒவ்வொரு தடவையும் துண்டு துண்டா பதில் போட்டு அலுத்துப் போச்சு, அதனால என் கதைய முழுசா எழுதிடறேன். நீங்களும் உங்களோடத போடுங்க.

நான் பெங்களூர்ல ஒரு லூத்தியர்கிட்ட, அதான் கையால கிட்டார் கட்டறவர்கிட்ட, ஓ.எம்னு சொல்ற நடுத்தர சைஸ்ல ஒண்ணு செஞ்சேன். போறப்ப மண்டை முழுக்க மரத்தோட பேருதான், அடிராண்டாக் ஸ்ப்ரூஸ், ஹோண்டுராஸ் மஹாகனி, பிரேசிலியன் ரோஸ்வுட்னு யூடியூப் பாத்து பாத்து மனப்பாடம். அவரு மரத்தை பத்தி வாயே தொறக்கல. ஷாப்ல இருந்த ஒரு பழைய கிட்டார குடுத்து, வீட்ல எப்படி வாசிப்பீங்களோ அப்படியே வாசிங்கன்னு சொல்லிட்டு எதிர்ல ஸ்டூல் போட்டு உக்காந்து என் வலது கையையே பாத்துட்டு இருந்தாரு. பிக்கா விரலா, நகம் வளக்கறீங்களா, தனியா வாசிக்கறதா இல்ல பாடறவங்களுக்கு கூட வாசிக்கறதா, ஈ ஸ்ட்ரிங்க டி-க்கு இறக்குற பழக்கம் உண்டா, இதெல்லாம் கேட்டாரு. கடைசியா எந்த ஊரு, கிட்டார் ஏசி ரூம்ல இருக்குமா ஹால்ல இருக்குமான்னாரு. இது ஏதோ பேச்சுக்கு கேக்கறாருன்னு நெனச்சேன், ஆனா மொத்த ஆர்டர்லயும் முக்கியமான கேள்வி அதுதான், கீழ சொல்றேன்.

அப்புறம்தான் மரம் வந்துச்சு. டாப்புக்கு, அதான் முன்பக்க பலகைக்கு, மூணு செட் எடுத்து பெஞ்ச் மேல வச்சாரு, சிட்கா ஸ்ப்ரூஸ், எங்கல்மன் ஸ்ப்ரூஸ், வெஸ்டர்ன் ரெட் சிடார். ஒரு பலகைய மேல் ஓரத்துக்கு கொஞ்சம் கீழ ரெண்டு விரலால லேசா புடிச்சு தொங்கவிட்டு நடுவுல விரல் முட்டியால ஒரு தட்டு. சிட்கா கணீர்னு நீளமா போச்சு. சிடார் தட்டினா சீக்கிரம் எழும்புது, சத்தம் இன்னும் கொஞ்சம் கீழ, இருட்டா இருக்கு. விரல்ல மெதுவா வாசிக்கறவங்களுக்கு சிடார் நல்லா பேசும், ஆனா நகம் பட்டாலே பள்ளம் விழும், பிக் வச்சு ஓங்கி அடிச்சா ஒரு அளவுக்கு மேல சத்தம் ஏறாது, நசுங்கின மாதிரி ஆயிடும்னாரு. நான் பாதி விரல் பாதி பிக். சரின்னு சிட்காவையே எடுத்துட்டேன். அதுலயும் மூணு நாலு பலகை இருந்துச்சு, கண்ணுக்கு அழகா ரேகை நெருக்கமா இருந்தத நான் காமிச்சா அவரு குறுக்கால வளைச்சு பாத்துட்டு ஓரமா வச்சுட்டாரு. ரேகைய எண்ணாதீங்க, விறைப்பு இருக்கா, எடை கம்மியா இருக்கா, அத பாருங்கன்னாரு. யோசிச்சு பாருங்க, லைட் ஸ்ட்ரிங் செட் போட்டாலே மொத்த இழுவை 70 கிலோவ தொடும், அத தாங்கறது மூணு மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு பலகை. உள்ள எக்ஸ் வடிவத்துல ஒட்டுற பிரேசிங் குச்சிங்கதான் அத காப்பாத்துது.

பேக் அண்ட் சைட்ஸுக்கு, அதான் முதுகுக்கும் பக்கத்துக்கும், நம்ம ஊரு ரோஸ்வுட். காஞ்ச பலகையா பாத்தா சாம்பல் பூத்த மாதிரி சுமாரா இருந்துச்சு. துணியில ஸ்பிரிட் நனச்சு ஒரு இழுப்பு இழுத்தாரு பாருங்க, அந்த ஈரம் காயற வரைக்கும் ஊதாவும் சாக்லேட்டும் கலந்து ஒரு கலர் எந்திரிச்சு வந்துச்சு, கூடவே வாசனை. அங்கயே அட்வான்ஸ் குடுத்துட்டேன்.

இப்ப அந்த ஊர் கேள்வி. அவரு ஷாப்ப 45 சதவீதம் ஈரப்பதத்துல வச்சு கிட்டார் கட்டறாரு. சென்னைல ஐப்பசி கார்த்திகைல ஈரப்பதம் காட்டற ஹைக்ரோமீட்டர் 80-க்கு மேல சர்வ சாதாரணமா நிக்கும். முழு சாலிட் வுட் ஈரத்த குடிச்சா டாப்பு உப்பும், ஸ்ட்ரிங்க புடிச்சிருக்கற பிரிட்ஜ் மேல வரும், ஆக்ஷன், அதாவது நெக்குக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கற உயரம், ஏறும். அதனால எனக்கு எலும்புல ரெண்டு சேடில் (பிரிட்ஜ் மேல ஸ்ட்ரிங் உக்கார்ற பட்டை) சீவி குடுத்தாரு, ஒண்ணு உயரம் ஒண்ணு கம்மி. மழைக்காலத்துல கம்மியானத போட்டுக்கறேன், பன்னெண்டாவது ஃப்ரெட்ல (நெக்குல குறுக்கால பதிச்ச கம்பி) மூணு மில்லிமீட்டர் தாண்டினது திரும்ப ரெண்டரைக்கு வந்துடும். ஷெல்லாக், அதான் அரக்கு பாலிஷ் கேட்டேன், சென்னை வேர்வைக்கு முன்கை படற இடத்துல ஒரே கோடைல பூத்துப் போயிடும்னு மாட்டேன்னுட்டாரு. மெல்லிசா லாக்கர் அடிச்சோம். மொத்தம் ஒன்றரை லட்சத்தை தாண்டிடுச்சு, வீட்ல சொன்ன தொகை வேற, அத இங்க எழுத மாட்டேன்.

கோத்தகிரி_பையன்

அண்ணா அருமைங்க. நான் கொஞ்சம் வேற மாதிரி போனேனுங்க. எங்க அப்பிச்சி வீட்ல ஒரு பழைய ஈட்டி மரக் கட்டில் இருந்துச்சு, ஈட்டின்னா இந்த ரோஸ்வுட்தானுங்க, நாலு பேரு புடிச்சாத்தான் நகரும். அத ஒடச்சு கிட்டார் பண்ணலாம்னு ஒரே ஆசை. அம்மாகிட்ட பர்மிசன் வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. தலைமாட்டு பலகைய கழட்டி வண்டில போட்டு லூத்தியர்கிட்ட எடுத்துட்டு போனா, அவரு முதல்ல டேப் வச்சு அளந்தாருங்க. முதுகுக்கு ரெண்டு பாதி, ஒவ்வொண்ணும் எட்டு இஞ்ச் அகலம் இருபத்திரண்டு இஞ்ச் நீளமாவது வேணும், பக்கத்துக்கு முப்பது இஞ்சுக்கு மேல நீளமான பட்டை ரெண்டு வேணும். அப்புறம் பலகையோட முனைய பாத்தாரு, ரேகை படுத்த வாக்குல இருந்துச்சு, அப்படி அறுத்த மரம் ஈரத்துக்கு அகலத்துல ரொம்ப ஆடும், முதுகுக்கு ஆகாதுன்னுட்டாரு. ஆணி ஓட்டை வேற. ஆனா மரம் காஞ்சு எத்தனையோ வருசம் ஆனதால கல்லு மாதிரி இருக்கு, வீணாக்க வேண்டாம்னு பிரிட்ஜும் தலைப்பக்கம் ஒட்டற தகடும் அதுலயே பண்ணி குடுத்தாரு. முதுகும் பக்கமும் அவர்கிட்ட இருந்த செட்டுதான். அம்மாவுக்கு அந்த பிரிட்ஜ தொட்டு பாக்கறதுல ஒரு திருப்தி.

இன்னொண்ணுங்க, பழைய சாமான் இல்லாம பச்சையா மரம் வெட்டி பண்ணலாம்னு யாரும் கிளம்பிராதீங்க. நம்ம சொந்த பட்டாவுல நின்னாலும் ஈட்டிய அனுமதி இல்லாம வெட்டக்கூடாதுன்னு தமிழ்நாட்டுல 1994-லயே அதுக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க. அமெரிக்காவோட மார்ட்டின் கிட்டார் கம்பெனி 1969-ல பிரேசில் மரத்த விட்டுட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறுச்சு, அதுக்கப்புறம் உலகத்துல எத்தனையோ கிட்டாருக்கு முதுகு நம்ம நாட்டு மரம்தான். எங்க ஊர்ல அது கட்டிலும் கதவும்.

கண்ணமூடி_கேளு

எல்லாரும் அடிக்க வராதீங்க, ஆனா முதுகு மரத்துக்கு இவ்ளோ பேச்சு தேவையான்னு ஒரு சந்தேகம். இங்கிலாந்துல லான்காஸ்டர் யுனிவர்சிட்டில ஒரு டெஸ்ட் பண்ணி 2018-ல பேப்பர் போட்டாங்க. ஆறு கிட்டார், டாப்பு டிசைன் எல்லாம் ஒண்ணு, பேக் அண்ட் சைட்ஸ் மட்டும் வேற வேற, பிரேசிலியன் ரோஸ்வுட்ல இருந்து மலிவான சபேலி வரைக்கும். 52 கிட்டாரிஸ்ட்டுங்க கண்ணு தெரியாதபடி கண்ணாடி மாட்டிகிட்டு வாசிச்சாங்க. ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க்கு. அதுக்கும் முன்னாடி ஸ்பெயின்ல டோரஸ்னு கிட்டார் கட்டறவர் 1862-லயே முதுகும் பக்கமும் அட்டையில பண்ணி, டாப்பு நல்லா இருந்தா போதும்னு காமிச்சிட்டாரு. டெய்லர் கம்பெனி 1995-ல சரக்கு ஏத்தற பேலட் கட்டைய ஒடச்சு ஒரு கிட்டார் பண்ணாங்க, அதுவும் நல்லாவே பேசிச்சு.

நாங்களும் ஃப்ரெண்ட் ரூம்ல லைட்ட அணைச்சுட்டு பண்ணி பாத்தோம். ரோஸ்வுட் இல்லாம வாசிக்கவே மாட்டேன்னு சொல்ற ஒருத்தன் மஹாகனிய கையில வச்சுகிட்டு, மச்சி இந்த பேஸ கேளு இதாண்டா ரோஸ்வுட்னான். லைட்ட போட்டதும் அவன் மூஞ்சிய போட்டோ எடுத்து குரூப் டிபியா வச்சிருக்கோம், இன்னும் மாத்தல.

பெரம்பூர்_ஸ்ட்ரம்மர்

@கண்ணமூடி_கேளு ஒத்துக்கறேன் தலைவா, சத்தத்துக்கு டாப்பும் பிரேசிங்கும் கட்டறவர் கையும்தான். ஆனா கிட்டார நான் லைட்ட போட்டுட்டுதான் வாசிக்கறேன். வருஷக்கணக்கா தூக்கி மடியில வைக்கப் போற சாமான், பாத்தா எடுத்து வாசிக்கணும்னு தோணணும், அதுக்கு காசு குடுக்கறதுல தப்பில்ல. ரோஸ்வுட்னா சத்தம் இப்படித்தான் வரும்னு சத்தியம் பண்ணி எக்ஸ்ட்ரா நாப்பதாயிரம் கேக்கறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு கடுப்பு.

ஸ்காபுரோ_அண்ணை

வணக்கம் தம்பிமார். சென்னைக்காரருக்கு ஈரம் பிரச்சினை, எங்களுக்கு இஞ்ச கனடாவில அப்பிடியே மறுவளம். மாரிக்கு ஹீற்றர் போட்டா வீட்டுக்குள்ள ஈரப்பதம் 20-க்குக் கீழ இறங்கிவிடும். என்ர முதல் நல்ல கிற்றார் ஃபாக்டரி ஒண்டு, எந்தக் கொம்பனி எண்டு சொல்லேல்ல, முதல் மாரியிலயே ஃப்ரெட்டின்ர நுனியெல்லாம் வெளிய தள்ளிக் கையைக் கிழிக்கத் தொடங்கீட்டுது, பிறகு ஒருநாள் விடிய எழும்பிப் பாத்தா டாப்பில பிரிட்ஜுக்குக் கீழ நேர்கோடா ஒரு வெடிப்பு. திருத்தினவர் உள்ளுக்க சின்னச் சின்ன மரத்துண்டு வைச்சு ஒட்டித் தந்தவர், இப்பவும் வாசிக்கலாம், ஆனா மனம் விட்டுப்போச்சு.

பிறகுதான் ஒன்ராறியோவிலயே ஒரு மனுசனிட்டச் சொல்லிச் செய்விச்சனான். அது 2018. அப்ப ரோஸ்வுட் இனம் முழுக்க 2017 தை மாசத்தில இருந்து சைட்டிஸ் பட்டியல்ல, அதாவது அருகிவாற மரம், மிருகங்களின்ர வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தத்தில. அமெரிக்காவில இருந்து ஒண்டை வாங்கி எல்லை தாண்டி எடுப்பிக்கிறதெண்டாலும் பேப்பர் வேணும், கட்டுறவருக்கும் தலையிடி எனக்கும் தலையிடி. அந்தாள் சொன்னார், இந்த நாட்டு மேப்பிள் இருக்கேக்க ஏன் நீ இந்தியாவைத் தேடுறாய் எண்டு. மேப்பிள் கிற்றார் அவ்வளவு முழங்காது, ஆனா ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக் கேக்கும். நான் தங்கச்சியின்ர பாட்டுக்கு வாசிக்கிறனான், எனக்கு அதுதான் வேணும். 2019 கார்த்திகையில செய்து முடிச்ச வாத்தியங்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துப் போட்டினம், இப்ப கேட்டிருந்தா ரோஸ்வுட் எடுத்திருப்பனோ தெரியாது. மேப்பிளோட சந்தோசமாத்தான் இருக்கிறன்.

நாஞ்சில்_கார்ட்ஸ்

நம்ம பலா மரத்த ஒருத்தரும் சொல்லலியே. தஞ்சாவூர் வீணை பலாவுலதான், மிருதங்கமும் அதுலதான், பின்ன கிட்டாருக்கு மட்டும் என்ன கொறச்சல். நான் சர்ச் கொயர்ல வாசிக்கேன். நாகர்கோவில் பக்கம் ஒரு மரக்கடையில வருசக்கணக்கா ஒணத்தி வச்சிருந்த பலா பலகைய நானே பாத்து எடுத்து அறுத்து, லூத்தியருக்கு பார்சல் போட்டேன். அவருக்கு மொதல்ல இஷ்டமில்ல. எடை கிட்டத்தட்ட மஹாகனி கணக்குதான் இருக்கு, ஆனா நாரு உள்ளுக்குள்ள பின்னிக்கிட்டு ஓடுது, வளைக்கும்போது ஒடையும்னு சொன்னாரு. சொன்ன மாதிரியே மொத பட்டை சூடான குழாயில வச்சு இடுப்பு வளைவ கொண்டு வரும்போது கீறிட்டு. நல்லவேளை பலகை மிச்சம் அனுப்பியிருந்தேன், அடுத்தத இன்னும் மெல்லிசா சீவி, தண்ணி தெளிச்சு பையப் பைய வளைச்சாராம். வரும்போது மஞ்சள் பூசின மாதிரி பளபளன்னு இருந்துது, ஊர்ல எல்லாரும் சிரிச்சானுவ. இப்ப வெயிலும் காத்தும் பட்டு தேன் கலருக்கு வந்தாச்சு. சத்தம் நடுவாந்தரம் நல்லா முன்னாடி வரும், மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுக்கு கேக்கும்.

பிங்கர்போர்டு, அதான் விரல் வச்சு அழுத்துற பலகை, கருங்காலி. அதுக்கு மட்டும் வெல கேட்டா நெஞ்சு அடைக்குது, எல்லாவனும் கருங்காலி மால போட்டு கெளம்பிட்டானுவல்லா.

ஜி_மேஜர்_செவன்

மரத்தை விட முக்கியமா ஒண்ணு சொல்றேன், பேப்பர்ல எழுதி வாங்குங்க. நான் ஒருத்தர்கிட்ட பாதி பணம் அட்வான்ஸ் குடுத்தேன், பேர் வேண்டாம், ஆறு மாசம்னு சொன்னவர் ரெண்டு தீபாவளி தாண்டி குடுத்தார், கேட்டா மரம் இன்னும் செட் ஆகலம்பார். கிட்டார் நல்லாதான் இருக்கு, அது வேற விஷயம். ஆனா பேசின டாப்பு எங்கல்மன், வந்தது எதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் சந்தேகம். மரம் தேர்ந்தெடுத்த அன்னிக்கே பலகைல பென்சில்ல உங்க கையெழுத்த போட்டு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. அது உள்பக்கமா வர்ற மாதிரி கட்டச் சொல்லுங்க, சவுண்ட் ஹோல் வழியா சின்ன கண்ணாடி விட்டு பாத்தா தெரியும். எந்த ஈரப்பதத்துல கட்டறார், டாப்பு வெடிச்சா நெக் சாஞ்சா யார் செலவு, பாக்கி பணம் எப்போ, இதெல்லாம் வாட்ஸ்அப்ல இல்ல, மெயில்ல.

புது_பிக்

அண்ணாஸ் எல்லாருக்கும் நன்றி. நான் சேலம், வாசிக்கறது விரல்ல மட்டும்தான், கை சின்னது. பட்ஜெட் ஒரு லட்சத்துக்குள்ள. நேர்ல போக லீவு கிடைக்காது, போன்லயே சொல்லி பண்ண முடியுமா?

பெரம்பூர்_ஸ்ட்ரம்மர்

பண்ணலாம் தம்பி. விரல் மட்டும்னா சிடார் டாப்பு கேளு, முதுகுக்கு மஹாகனியோ பலாவோ அவர் ஷாப்ல நல்லா காஞ்சது எது இருக்கோ அத எடு, பட்ஜெட்டுக்குள்ள வந்துடும். சேலம்னா சென்னை அளவுக்கு ஈரம் இல்ல, ஆனா சித்திரை வெயில்ல கிட்டார கேஸுக்குள்ளயே வை. இப்ப உன் கைக்கு சுகமா இருக்கற ஒரு கிட்டார புடிச்சு, வெர்னியர் காலிபர்ல நட்டோட (நெக்கோட தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற பட்டை) அகலம், அப்புறம் மொத ஃப்ரெட்லயும் ஒம்பதாவது ஃப்ரெட்லயும் நெக்கோட கனம், இந்த மூணையும் அளந்து அனுப்பு. விரல்ல வாசிக்கறதுக்கு நட் 44.5 மில்லிமீட்டர் வழக்கம், கை சின்னதுன்னா 43 கூட பாரு, ஸ்கேல், அதான் நட்டுல இருந்து சேடில் வரைக்கும் ஸ்ட்ரிங்கோட நீளம், 24.9 இஞ்ச் கேளு. இத முடிச்சிட்டு மரத்துக்கு வா. வலது கை வாசிக்கற வீடியோ ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்கு எடுத்து கூடவே அனுப்பிடு, மூஞ்சி தெரியணும்னு இல்ல.