28 அடிப் பாய்மரப் படகுக்கு எந்த நங்கூரம்? முழுச் சங்கிலியா, சங்கிலியோடு கயிறா?

சாங்கிக்கரை எழுதியது:

28 அடி நீளமும் ஏறத்தாழ 3 டன் எடையும் கொண்ட பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். முந்தைய உரிமையாளர் அணியத்தில் (படகின் முன்முனையில்) விட்டுச் சென்றவை டான்ஃபோர்த் வகைத் தட்டை நங்கூரம் ஒன்றும், 10 மீட்டர் சங்கிலியும், அதற்குப் பின் 14 மி.மீ. நைலான் கயிறும்தான். வார இறுதிகளில் சிங்கப்பூரின் சாங்கிக்கும் புலாவ் உபின் தீவுக்கும் இடைப்பட்ட நீரிலும், சில நேரம் தெற்கே லாசரஸ் தீவுப் பக்கத்திலும் நங்கூரமிடுவேன். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்தபின் மலேசியாவின் தியோமான் தீவு வரை போகும் எண்ணமும் உண்டு. ரொக்னா போன்ற புதிய வகை நங்கூரத்தையும் 50 மீட்டர் முழுச் சங்கிலியையும் போடச் சொல்கிறார் ஒரு நண்பர். அப்படிச் செய்தால் படகு மூக்கு குத்திக்கொண்டு ஓடும் என்கிறார் மற்றொருவர். இரு தரப்புக் காரணங்களையும் அறிய விரும்புகிறேன்.

அணியத்தான் எழுதியது:

முதல் நண்பர் சொல்வதே சரி. காரணம் நம் கடலின் குணத்தில் இருக்கிறது. ஜோகூர் நீரிணையில் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறுகிறது. மாலையில் கிழக்கு நோக்கி இழுபட்டுக்கொண்டிருந்த படகு, நீங்கள் உறங்கும் நேரத்தில் மேற்கு நோக்கி இழுபடும். டான்ஃபோர்த் ஒரே திசையில் இழுக்கும்வரை மிக நன்றாகப் பிடிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் தரையிறங்கு படகுகளுக்குப் பயன்பட்டதும் அதனால்தான். ஆனால் இழுவை எதிர்த்திசைக்குப் புரளும்போது அதன் அலகுகள் (கடலடியில் குத்தி இறங்கும் தகடுகள்) சேற்றைவிட்டுப் பெயர்ந்து வருவதுண்டு. அப்படிப் பெயர்ந்தபின் தண்டுக்கும் அலகுக்கும் இடையில் ஒரு களிமண் கட்டியோ சிப்பி ஓடோ சிக்கிக்கொண்டால், அது மறுபடியும் கடலடியில் இறங்காமல் சறுக்கிக்கொண்டே போகும். முதுகில் வளைகம்பியும் குழிந்த அலகும் உள்ள புதிய வகைகள் எப்படி விழுந்தாலும் நிமிர்ந்து மறுபடி குத்திக்கொள்வதற்காகவே அமைக்கப்பட்டவை. நமக்கு வேண்டியது உச்சப் பிடிமானம் அன்று, மறுபிடிமானம்.

இதோடு சுமத்ரா சூறைக்காற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள், மேற்கிலிருந்து வந்து மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வேகத்தில் அடித்துவிட்டுப் போகும் காற்று அது. இரவெல்லாம் காற்றில்லாமல் நீரோட்டத்துக்கு மட்டும் அடங்கிக் கிடந்த படகைச் சில நிமிடங்களில் வேறு திசைக்குத் திருப்பிவிடும்.

இலகுபாய் எழுதியது:

மறுபிடிமானம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அடியில் இருப்பது என்ன என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். சாங்கிப் பக்கம் கிடைப்பது இளகிய சேறு. அங்கே பிடிமானத்தைத் தருவது நங்கூரத்தின் எடையன்று, அலகின் பரப்பு. 2014இல் அமெரிக்காவின் செசப்பீக் விரிகுடாச் சேற்றில் பல வகை நங்கூரங்களை இழுத்துப் பார்த்தபோது, மற்றவற்றில் பாதி எடையே இருந்த ஃபோர்ட்ரஸ் என்ற அலுமினியத் தட்டை நங்கூரம் எல்லாவற்றையும்விட அதிகம் தாங்கியது. மணலுக்கு 32 பாகை, இளகிய சேற்றுக்கு 45 பாகை என அதன் அலகுக் கோணத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதே அதன் சிறப்பு.

சங்கிலிக்கு வருகிறேன். 8 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ, 50 மீட்டர் என்றால் 70 கிலோ. 3 டன் படகின் கூர்முனையில் ஓர் ஆளை நிரந்தரமாக உட்கார வைத்து அலையில் ஓடுவதற்கு அது சமம். சங்கிலி தொய்ந்து கிடந்து அதிர்வைத் தாங்கும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அணியத்தின் உயரத்தையும் சேர்த்து 9.5 மீட்டர் ஆழத்தில் 40 மீட்டர் சங்கிலி விட்டிருந்தால், 100 கிலோவுக்குச் சற்றுக் குறைவான இழுவையிலேயே கடைசி வளையமும் தரையைவிட்டு எழும்பிவிடும். 30 அடிப் படகுக்கு 30 நாட் காற்றில் ஏறத்தாழ 320 கிலோ இழுவையைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது அமெரிக்கப் படகுக் கழகத்தின் அட்டவணை. 30 நாட் என்பது மணிக்கு 55 கி.மீ.தான், அணியத்தான் சொன்ன சூறைக்காற்றில் அது நடுத்தரம். ஆக, உண்மையில் தேவைப்படும் நேரத்தில் சங்கிலி இரும்புக் கம்பிபோல் நீட்டி நிமிர்ந்து நிற்கும். நைலான் கயிறோ அப்போதுதான் நீண்டு கொடுக்கத் தொடங்கும்.

அணியத்தான் எழுதியது:

செசப்பீக் சோதனைக்குப் பணம் கொடுத்ததே ஃபோர்ட்ரஸ் நிறுவனம்தான் என்பதை நண்பர் சொல்லவில்லை. அதற்காக முடிவுகளைப் பொய் என்று தள்ளிவிட மாட்டேன். சேற்றில் அகன்ற அலகு வெல்லும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் அங்கே நங்கூரங்களை ஒரே திசையில், நேர்கோட்டில், விஞ்சு (இழுவைப் பொறி) வைத்து இழுத்தார்கள். நடு இரவில் திசை மாறி இழுக்கும் நீரோட்டம் அந்தச் சோதனையில் இல்லை.

தொய்வுக் கணக்கு சரியானது. அதனால்தான் முழுச் சங்கிலி போடுபவர்கள் அணியத்தில் 8 அல்லது 10 மீட்டர் நைலான் ஸ்னப்பர் கயிற்றைக் கொக்கியால் சங்கிலியில் மாட்டி, சுமையை அதில் ஏற்றிவிட்டு, பின்னால் சங்கிலியைத் தொய்வாக விடுகிறார்கள். நீளும் தன்மை வேண்டும் என்பதற்காக, பவளப்பாறையில் உரசி அறுந்துபோகக்கூடிய கயிற்றைக் கடலடிவரை அனுப்ப வேண்டியதில்லை.

உபின்வாசி எழுதியது:

காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக இருக்கும்போது, மீன் துடுப்புபோல் ஆழமாக இறங்கும் அடிக்கட்டை உள்ள இலகுவான படகு தன் நங்கூரத்தின் மேலேயே ஏறிச் சென்று நிற்கும். அந்த நேரத்தில் தொய்ந்த கயிறு அடிக்கட்டையிலோ சுக்கானிலோ சுற்றிக்கொள்வது சாங்கிப் பக்கம் புதிதன்று. சங்கிலி நேராக அடியில் போய்க் கிடக்கும். பம்போட் (உபினுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் சிறு படகு) எழுப்பும் அலைகளுக்கு நடுவே, கத்தியோடு நீரில் குதித்துக் கயிற்றை விடுவிக்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

இலகுபாய் எழுதியது:

இது வலுவான வாதம். சங்கிலியின் பக்கம் சொல்லப்பட்டவற்றில் இதற்கு மட்டுமே என்னிடம் முழுப் பதில் இல்லை. கயிற்றின் நடுவே ஓர் எடையை இறக்கித் தொய்வைக் கீழே அமிழ்த்தலாம், ஆனால் அதுவும் ஒரு கூடுதல் வேலை. எனினும் ஒன்றைக் கேட்கிறேன்: இந்தப் படகில் விண்ட்லாஸ் (சங்கிலியை இழுத்தேற்றும் பொறி) இருக்கிறதா? இல்லையென்றால், 12 மீட்டர் ஆழத்தில் தொங்கும் சங்கிலியோடு 15 கிலோ நங்கூரத்தையும் கையால் இழுப்பவர் 30 கிலோவுக்கு மேல் தூக்குகிறார். நீரில் எடை சற்றுக் குறையும், சேறு அதை ஈடுகட்டிவிடும். இழுக்கச் சிரமமான கருவியை மனிதர்கள் குறைவாகவே இறக்குவார்கள். ஆழத்துக்கேற்ற நீளம் விடாதவனுக்கு எந்த வகை நங்கூரமும் உதவாது.

பட்டறைக்காரர் எழுதியது:

நீளம் பற்றி இப்போதாவது யாரோ பேசினார்கள். பலரும் ஆழமானியைப் பார்த்து, 6 மீட்டர் என்றால் ஐந்து மடங்காக 30 மீட்டர் விட்டுவிட்டுச் சமைக்கப் போய்விடுகிறார்கள். நீர் வற்றிய நேரத்தில் அதைச் செய்தால், நீர் 2.5 மீட்டர் ஏறியபின், அணியத்தின் 1 மீட்டரையும் சேர்த்து 9.5 மீட்டர் ஆகிறது. விட்ட நீளம் மூன்று மடங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஐந்து மடங்கு வேண்டுமென்றால் 47 மீட்டருக்கு மேல் விட வேண்டும். கயிறு அதிகமுள்ள அமைப்புக்கு ஏழு மடங்கு என்பது வழக்கம்.

இறக்கும் முறையும் முக்கியம். படகு நின்று பின்னோக்கி நகரத் தொடங்கியபின் நங்கூரத்தை இறக்கி, சங்கிலி குவியலாக விழாமல் நகர்வுக்கேற்ப விட வேண்டும். முழு நீளமும் போனபின் எஞ்சினின் பின்னியக்கத்தை மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். அப்போது உள்ளங்கையைச் சங்கிலியின் மேல் வைத்துப் பாருங்கள்: நங்கூரம் இறங்கிவிட்டால் சங்கிலி விறைத்து அசைவற்று இருக்கும், இழுபட்டால் கரகரவென்று விட்டுவிட்டு அதிரும். சேற்றில் அந்த அதிர்வு மங்கலாகத்தான் தெரியும் என்பதால், கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு பொருள்களை ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பதையும் விடாதீர்கள்.

என் கைக்கு வரும் படகுகளில் நங்கூரத்தைவிட இணைப்புகளே அதிகம் கெட்டிருக்கின்றன. ஷேக்கிளின் (சங்கிலியை நங்கூரத்தோடு பூட்டும் U வடிவக் கொளுவியின்) முளையைக் கம்பியால் கட்டாமல் விடுவதும், பளபளக்கிறதே என்று துருப்பிடிக்காத எஃகுச் சுவிவலை (முறுக்கு விழாமல் சுழலும் இணைப்பை) நேரடியாகத் தண்டில் மாட்டுவதும் வழக்கமாகிவிட்டன. பக்கவாட்டு இழுவையில் சுவிவலின் தாடை வளைகிறது. வேண்டுமென்றால் இடையில் சில வளையங்கள் விட்டு மாட்டலாம். சங்கிலியின் உள்முனையைப் படகோடு ஷேக்கிளால் பூட்டாமல், தளத்துக்கு மேல் வரும் நீளத்துக்குக் கயிற்றால் கட்டுங்கள். அவசரத்தில் வெட்டிவிட்டு ஓட அது ஒன்றே வழி.

சாங்கிக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. விண்ட்லாஸ் இல்லை, பொருத்தும் எண்ணமும் இப்போதைக்கு இல்லை. எனவே வளைகம்பி வகையில் 10 கிலோ நங்கூரம், 30 மீட்டர் 8 மி.மீ. சங்கிலி, அதன் பின் 50 மீட்டர் நைலான் என்று முடிவு செய்திருக்கிறேன். அணியத்தில் சங்கிலியின் எடை 42 கிலோவில் நிற்கும். பழைய டான்ஃபோர்த்தை இரண்டாவது நங்கூரமாகப் பின்பக்கப் பெட்டியில் வைத்துக்கொள்வேன்.

அணியத்தான் எழுதியது:

10 கிலோ எனக்குச் சிறிதாகவே படுகிறது. ஓர் அளவு கூட்டி 15 கிலோவாக எடுங்கள். கூடும் 5 கிலோ, நீங்கள் மிச்சப்படுத்திய 20 மீட்டர் சங்கிலியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இலகுபாய் எழுதியது:

அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் சாங்கிச் சேற்றில் ஓர் இரவு முழுவதும் தங்கப்போகும் நாளில் அந்த டான்ஃபோர்த்தைப் பெட்டிக்குள் வைத்திருப்பது வீண் என்றே இன்னமும் சொல்வேன். நீரோட்டம் வரும் இரு திசைகளிலும் ஒவ்வொரு நங்கூரமாக இறக்கி, இரண்டையும் அணியத்திலேயே கட்டினால், எந்த நங்கூரமும் திசை மாறி இழுபட வேண்டியதில்லை.

உபின்வாசி எழுதியது:

சுற்றிலும் ஒற்றை நங்கூரத்தில் கிடக்கும் படகுகள் அகலமாகச் சுழலும்போது உங்களுடையது மட்டும் ஒரே இடத்தில் நிற்கும் என்பதையும், நீரோட்டம் சில முறை மாறியபின் இரண்டு கயிறுகளும் முறுக்கிக்கொள்ளும் என்பதையும் மனத்தில் வைத்து அதைச் செய்யுங்கள். எப்படி நங்கூரமிட்டாலும் பகலில் கருப்புப் பந்தும் இரவில் எல்லாத் திசைக்கும் தெரியும் வெள்ளை விளக்கும் இருக்க வேண்டும். கடலடிக் கம்பிவடங்கள் செல்லும் பகுதிகளை வரைபடத்தில் முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.