புதுப்பிப்பு: மழைக்காலத்தில் அட்டைக்கடி இல்லாமல் குழந்தைகளை வெளியே அழைத்துப் போவது

வால்பாறைப் பக்கம் எஸ்டேட் அங்கன்வாடிக் குழந்தைகளை ஓடை வரை நடத்திக் கூட்டிப் போக வேண்டும், அட்டைக்குப் பயந்து பெற்றோர் விட மறுக்கிறார்கள், என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

போன வியாழக்கிழமை போய் வந்தோம். 14 குழந்தைகள், கூடவே நான்கு அம்மாக்கள்.

கைகொடுத்தது துணிச் சாக்ஸ் யோசனைதான். பழைய வேட்டியில் முட்டி வரை தைத்து, கால்சட்டையை உள்ளே விட்டு நாடாவால் கட்டினோம். நெருக்கமான நெசவு என்பதால் அட்டை ஊர்ந்ததே தவிர கடிக்க முடியவில்லை. வெள்ளைத் துணியில் பளிச்சென்று தெரிந்ததும் தட்டிவிட்டோம். சோப்பும் தேய்த்திருந்தோம், ஆனால் ஈரப் புல்லில் சீக்கிரம் கரைந்துவிட்டது. அட்டையை விரட்ட மூக்குப்பொடி தடவும் யோசனையை, சின்னக் குழந்தைகள் என்பதால், தொடவில்லை.

எதிர்பாராதது ஒன்று: இலை பறித்த குழந்தையின் கையில் ஒரு அட்டை ஏறிவிட்டது. பிய்த்து இழுக்காமல், மெல்லிய முனைப் பக்கம் நகத்தை நுழைத்து நகர்த்தினேன், விட்டுவிட்டது. இரத்தம் உறையாதபடி அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும். துணியை அழுத்திப் பிடித்ததும் நின்றது.

அப்புறம் வகுப்பில் எல்லோரும் அட்டை மாதிரி வளைந்து வளைந்து நடந்து காட்டினார்கள். மறுக்கும் பெற்றோர் இருந்தால், சாக்ஸை முதலில் அவர்களையே தைக்கச் சொல்லுங்கள். இங்கே தைத்த நான்கு பேரும் கூடவே வந்துவிட்டார்கள்.