தேங்க்ஸ்கிவிங் வாரத்துல வீட்ல குட்டீஸோட என்ன பண்ணீங்க? எங்க வீட்டு அனுபவம்

நாங்க அமெரிக்காவுல நியூ ஜெர்சி. தேங்க்ஸ்கிவிங்னா இங்க நவம்பர் நாலாவது வியாழக்கிழமை வர்ற நன்றி சொல்ற பண்டிகை, வான்கோழி விருந்துதான் விசேஷம். பையனுக்கு 4 வயசு, ப்ரீஸ்கூல் அனுப்பல, வீட்லயே சொல்லிக் குடுக்குறேன். போன வருஷம் வான்கோழி கலரிங், கட் பண்ணி ஒட்டுறதுன்னு ஒரு கட்டு பேப்பர் ப்ரிண்ட் எடுத்து வச்சேன், ரெண்டாவது நாளே அவனுக்கு சலிச்சுப் போச்சு, எனக்கும் தொண்டை கட்டிடுச்சு. அதனால இந்த வருஷம் அவன் கையில எடுத்து உருட்டி, உடைச்சுப் பாக்க முடியாத எதுவும் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்.

முதல்ல கிரான்பெரி (சிவப்பா, புளிப்பா இருக்கிற குட்டிப் பழம்). ஃப்ரெஷ்ஷா ஒரு பாக்கெட் வாங்கி, பெரிய டப்ல தண்ணி ஊத்திக் கொட்டி, ஒரு கரண்டி, டீ வடிகட்டி, ரெண்டு கிண்ணம் குடுத்தேன், அவ்ளோதான், முக்கால் மணி நேரம் எழுந்திரிக்கவே இல்ல! "ஏம்மா இது முங்கவே மாட்டேங்குது?"ன்னு அவனே கேட்டான். ஒண்ண குறுக்க நறுக்கிக் காமிச்சேன். உள்ள நாலு குட்டி அறை, காலியா, வெறும் காத்து, ஓரத்துல பொடிப்பொடியா விதை. அந்தக் காத்தாலதான் மிதக்குது, தரையில போட்டா பந்து மாதிரி குதிக்கறதும் அதனாலதான். தோட்டத்துல தண்ணிய நிரப்பி பழத்தை மிதக்க விட்டு அள்ளுற வீடியோ போட்டேன், "நம்ம டப்பு மாதிரியே"ன்னு சொன்னான். சின்னக் குழந்தையும் வீட்ல இருந்தா மட்டும் ஜாக்கிரதை, முழுசா வாயில போட்டா தொண்டையில சிக்கிக்கும்.

அடுத்து வெண்ணெய். ஹெவி க்ரீமை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்துக் கொஞ்சம் வெளிய வச்சிட்டு, மூடி இறுக்கமா இருக்கிற பாட்டில்ல பாதி ஊத்திக் குலுக்கணும். முதல்ல சளக் சளக்னு சத்தம் வரும், அப்புறம் கெட்டியாகி சத்தமே நின்னுடும், நிறைய பேர் இங்கதான் விட்டுடுவாங்க. இன்னும் கொஞ்ச நேரம் குலுக்குங்க, திடீர்னு மறுபடியும் சளக்னு கேக்கும், தண்ணி தனியா வெண்ணெய் உருண்டை தனியா நிக்கும். எங்க அத்தை (மாமியார், ஊர்ல இருந்து வந்திருக்காங்க) அந்த மோரை ஒரு வாய் குடிச்சுட்டு "என்னடி இது, புளிப்பே இல்ல"ன்னாங்க. உறை ஊத்தாத க்ரீம் அத்தை, எப்படிப் புளிக்கும்னேன். உடனே உக்காந்து மத்து, தயிர்ப் பானைன்னு அவன்கிட்ட கதை சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, அன்னிக்குப் பாடமே அதுதான்.

அப்புறம் அலங்காரத்துக்கு விக்கிற கலர் மக்காச்சோளம். கதிரை அப்படியே ஒரு தட்டுல கொஞ்சம் தண்ணியில படுக்க வச்சோம், ஒரு வாரத்துக்குள்ள முளை விட்டுச்சு (பாலிஷ் அடிச்ச கதிர்னா முளைக்காது, பாத்து வாங்குங்க). இங்க பூர்வகுடி மக்கள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூணையும் ஒரே இடத்துல போடுவாங்க, மூணு அக்கா தங்கச்சிங்கன்னு பேரு. சோளத்தண்டு மேல பீன்ஸ் கொடி ஏறும், பீன்ஸ் வேர் முடிச்சு மண்ணுக்குச் சத்து குடுக்கும், பூசணி இலை மண்ணை மூடி ஈரத்தைக் காக்கும். இதைச் சொல்லி முடிக்கல, அத்தை "நாங்க சோளத்துல தட்டப்பயறு ஊடுபயிரா போடுறதுதானே"ன்னாங்க. பையன் ரெண்டு பேர் மூஞ்சியையும் மாத்தி மாத்தி பாத்தான்.

நன்றி மரம் (யாருக்கு நன்றின்னு பேப்பர் இலையில எழுதி ஒட்டுற மரம்) தான் கஷ்டமா இருந்துச்சு. "நீ எதுக்கு நன்றி சொல்லணும்?"னு கேட்டா முழிக்கறான். நம்ம வீட்ல யாரு யார்கிட்ட நன்றின்னு வாய் விட்டு சொல்றோம், தேங்க்யூ கூட வெளி ஆளுங்களுக்குத்தான். அப்புறம் கேள்விய மாத்தினேன், "இன்னிக்கு உனக்கு யாரு என்ன பண்ணாங்க?" அவ்ளோதான், கொட்ட ஆரம்பிச்சுட்டான். முதல் இலை குப்பை லாரி அங்கிள், ரெண்டாவது தோசை ஊத்தின பாட்டி. அந்த வாரம் லாரி வர்ற நேரம் அவனே வாசல்ல நின்னு கையசைச்சான், அவரும் ஹாரன் அடிச்சார், எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

நீங்க என்ன பண்ணீங்க, சொல்லுங்க.

*

மாசசூசெட்ஸ்ல இருந்து, பொண்ணுக்கு 5:

கேள்விய மாத்தினது அருமைங்க, நானும் செய்யப் போறேன். எங்க அனுபவம் வேற மாதிரி. சில குடும்பங்கள் சேர்ந்து பண்ற ஹோம்ஸ்கூல் குரூப் ஒண்ணுல குழந்தைங்களுக்குப் பேப்பர் இறகுத் தொப்பி போட்டு ஆடவிட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல. தேங்க்ஸ்கிவிங்கோட ஆரம்பம்னு சொல்ற 1621 விருந்துல இங்கிலாந்துக்காரங்களோட இருந்தது வாம்பனோவாக்ங்கிற பூர்வகுடி மக்கள், பெரிய இறகுக் கிரீடம் அவங்க வழக்கமே இல்ல. அந்த விருந்து நடந்த ப்ளிமத் ஊர்ல அவங்க வம்சத்துக்காரங்க 1970ல இருந்து தேங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமையவே துக்க நாளா வச்சிருக்காங்க. அது நடக்குற இடத்துக்குப் பக்கத்துல இருந்துட்டு எப்படி என் பொண்ணுக்கு அந்தத் தொப்பிய மாட்டுவேன்?

அதனால அங்க இருக்கிற மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். மரப்பட்டை போர்த்தின வீட்டுக்குள்ள நடுவுல நெருப்பு, மேல புகை போக ஓட்டை. பொண்ணு ரொம்ப நேரம் அந்த ஓட்டையவே அண்ணாந்து பாத்துட்டு இருந்தா. கதைய நான் இப்படித்தான் சொன்னேன்: 1620ல இங்கிலாந்துல இருந்து கப்பல்ல 102 பேர் ப்ளிமத்துக்கு வந்தாங்க, முதல் குளிர்காலத்துலயே பாதி பேர் செத்துட்டாங்க. அந்த ஊர்ல பொறந்த டிஸ்குவான்டம்னு ஒரு பூர்வகுடிக்காரர் மீனை உரமா புதைச்சு மக்காச்சோளம் போடக் கத்துக் குடுத்தார். அறுவடை முடிஞ்சதும் வாம்பனோவாக் தலைவர் மாசசாய்ட் 90 பேரோட வந்தார், அவங்க அஞ்சு மான் கொண்டு வந்தாங்க, மூணு நாள் சாப்பிட்டாங்க. "அப்புறம்?"னா. அப்புறம் அவங்க நிலம் கொஞ்சம் கொஞ்சமா கைவிட்டுப் போச்சுன்னேன். "அப்போ யாரு திருப்பிக் குடுத்தா?"ன்னு கேட்டா. பெரும்பாலான நிலத்தை யாரும் குடுக்கலம்மான்னு உள்ளதைச் சொன்னேன். 5 வயசுக்கு இது போதும்னு நினைக்கிறேன், ஆனா பொய் மட்டும் சொல்லக்கூடாது.

*

டெக்ஸாஸ், ரெட்டைக் குழந்தைங்க, ரெண்டரை வயசு:

அக்கா எங்களுக்கு வெண்ணெய் மட்டும்தான் முடிஞ்சது. கண்ணாடி பாட்டில் வேணாம், ப்ளாஸ்டிக் டப்பா எடுங்க, எங்க வீட்ல ஒண்ணு தரையில விழுந்து சிதறிடுச்சு, நல்ல வேளை கால்ல படல. ஆளுக்கொரு டப்பா குடுத்தா சண்டை வராது. சுடச்சுட சப்பாத்தியில அவங்க வெண்ணெயையே தடவிக் குடுத்தேன், காய்கறி தொடாத சின்னவன் நாலு சாப்பிட்டான்.

*

முதல் பதிவு போட்ட நான் தான்:

மாசசூசெட்ஸ் சிஸ்டர், மீன் விஷயம் என் பையனுக்குப் படிச்சுக் காமிச்சேன், இப்போ மீன் வாங்கிட்டு வந்து புதைக்கணுமாம்! முளை விட்டதை குளிர்ல வெளிய நட முடியாது, அதனால காஞ்ச மணி கொஞ்சம் உதுத்து டப்பாவுல போட்டு வச்சிருக்கோம். அத்தை ஜனவரியில ஊருக்குக் கிளம்பறாங்க. மே மாசம் பனி போனதும் சோளம் போட்டு, ஒரு ஜாண் வளர்ந்தப்புறம் பயறு ஊனு, பூசணிய கடைசியா போடுன்னு அவன்கிட்ட தினம் ஒப்பிக்க வைக்கிறாங்க. நடுற அன்னிக்கு வீடியோ கால் போடணும்னு இப்பவே சத்தியம் வாங்கியாச்சு.